தமிழ் மீடியம் படித்த நர்ஸ் என்கிளெக்ஸ் எழுதித் தேற முடியுமா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.எஸ்சி. நர்சிங், இப்போது காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுத ஆசை. ஒரு கோச்சிங் சென்டரில் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள், ‘பாஸ் கேரண்டி’ என்கிறார்கள். அம்மாவின் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்கிறார். வெளியே தெரிவது பணக் கேள்வி. உள்ளே இருப்பது வேறு இரண்டு: என்னைப் போல் படித்தவளுக்கு இந்தத் தேர்வு எட்டுமா, தேறிவிட்டால் உண்மையிலேயே அமெரிக்கா போய்ச் சேர்வேனா. முதலாவதற்கு என் பதில், எட்டும். இரண்டாவதற்குப் பதில் கொஞ்சம் கசப்பானது, கீழே சொல்கிறேன். அதைப் படிக்கும் வரை சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைக்காரி, தமிழ் மீடியம்தான். மதுரையில் நர்சிங் படித்தேன். 2012இல் சென்னையில் என்கிளெக்ஸ் எழுதித் தோற்றேன், இரண்டாவது முறை தேறினேன். பிறகு கணவரின் வேலையோடு அமெரிக்கா போய் ஏழு வருடம் இதயப் பிரிவில் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது சாயங்காலம் எங்கள் வீட்டு வளவில் நாலைந்து பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் எழுதிய காலத்துத் தேர்வு இப்போது இல்லை. 2023 ஏப்ரலில் அதன் முறையே மாறிவிட்டது. புதிய முறையை என் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் புதிதாகப் படித்தேன். என் சொந்த அனுபவம் எது, பொதுவாக உறுதியானது எது என்று ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியானவை. தேர்வு முழுக்கக் கம்ப்யூட்டரில். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். 150 வரை போனாலும் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது. நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பாகச் சொன்னால் எளிதாகும். அப்படி ஏறி இறங்கி, உங்கள் திறமை தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்று 95 சதவீத உறுதி வந்ததும் நிறுத்திவிடும். முடித்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. இன்னொன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: உங்களுக்குப் பாதிக்குப் பாதி தப்பாகக்கூடிய கேள்விகளைத்தான் அது தேடித்தேடிக் கொடுக்கும். அதனால் தேறப் போகிறவர்களுக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது தோற்றுக்கொண்டிருப்பது போலவே இருக்கும். 85இல் திரை அணைந்தால் அது நல்ல சகுனமும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. அந்த 85இல் 15 கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது, எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள். எது அந்த 15 என்று யாருக்கும் தெரியாது.

புதிய முறையில் முக்கியமானது கேஸ் ஸ்டடி. ஒரு நோயாளியின் கதையை, நர்ஸ் குறிப்பு, லேப் ரிப்போர்ட், டாக்டர் ஆர்டர் எல்லாவற்றோடும் திரையில் வைப்பார்கள். அதன்மேல் வரிசையாக ஆறு கேள்வி. மதிப்பெண் உள்ள கேஸ் மூன்று, அதாவது 18 கேள்வி. ஆறு கேள்வியும் ஆறு படி: எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அதற்கு என்ன அர்த்தம், இருக்கும் சாத்தியங்களில் எது அவசரம், என்ன செய்யலாம், எதை முதலில் செய்வாய், செய்த பிறகு பலன் கிடைத்ததா. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் முன்பு ஒன்று விட்டாலும் பூஜ்யம். இப்போது சரியாகப் போட்டதற்கு ஏற்ப ஒரு பகுதி மதிப்பெண் கிடைக்கிறது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். பயந்த சுபாவம் உள்ள பிள்ளைகளை அந்தப் பழைய முறை ரொம்பவே நசுக்கியது.

இப்போது, நான் ஏன் தோற்றேன் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் நம் பக்கத்து நர்ஸ்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். பாடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பாதிக் கேள்விக்கு ‘டாக்டரிடம் சொல்’ என்பதையே தேர்ந்தெடுத்தேன். நம் வார்டில் நமக்குப் பழக்கம் அது. அந்தத் தேர்வு கேட்பது, டாக்டர் வருவதற்கு முன் உன் கை என்ன செய்யும் என்பதை. மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்கார வைத்தாயா? ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம் வந்தால் ரத்தத்தை நிறுத்தினாயா? அதைச் செய்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். நர்சுக்கே அதிகாரமுள்ள வேலை ஒன்று விடைகளில் இருக்கும்போது ‘டாக்டரிடம் சொல்’ பெரும்பாலும் தப்பு. ஆனால் நர்ஸ் செய்யக்கூடியது எல்லாம் செய்தாகிவிட்டது என்று கேள்வியிலேயே இருந்தால், அப்போது அதுவே சரி.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், இது நானே எழுதியது. டியூட்டி மாறுகிறது, உங்களுக்கு நாலு நோயாளி, யாரை முதலில் பார்ப்பீர்கள்? ஒருவர் குடல்வால் அறுவை முடிந்து முதல் நாள், வலி பத்துக்கு எட்டு என்கிறார். இன்னொருவர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 90. மூன்றாமவர் தைராய்டு எடுத்து மறுநாள், உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறது, விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறார். நாலாமவர் சர்க்கரை நோயாளி, 240 இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். என் வளவில் இதைக் கேட்டால் முதல் தடவை எல்லோரும் 90ஐப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சுதான் முதலில் என்று நமக்குப் படிப்பித்திருக்கிறார்கள் இல்லையா? ஆனால் அந்த நோயாளிக்கு 88 முதல் 92 வரை எதிர்பார்க்கிற அளவுதான். அறுவை முடிந்தவருக்கு வலி எதிர்பார்த்தது. சர்க்கரைக்கு மருந்து ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எதிர்பாராதது ஒன்றே ஒன்று, உதட்டு மதமதப்பு. தைராய்டு எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பி அடிபட்டு ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது. இன்னும் இறங்கினால் குரல்வளை இறுகும், வலிப்பு வரும். ஆக மூச்சை இழக்கப் போகிறவர் அவர்தான், இப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும். எண்ணைப் பார்க்காதீர்கள், ‘இவருக்கு இது எதிர்பார்த்ததா’ என்று பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் யார் முதலில் என்று கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் தானே திறக்கும்.

இரண்டாவது இடறல் நம் பாசத்தால் வருவது. வார்டில் ஒரு ஆச்சி ராத்திரி அழுதால் நாம் என்ன சொல்வோம்? ‘பயப்படாதீங்க ஆச்சி, ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாப் போயிரும்.’ அன்போடுதான் சொல்கிறோம். அந்தத் தேர்வில் இது தப்பான விடை, எப்போதும் தப்பு. கையில் இல்லாத உறுதியை நர்ஸ் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அப்புறம், ‘ஏன் அழுறீங்க’ என்பதும் தப்பு, காரணம் கேட்பது குற்றம் சாட்டுவது போல் ஆகிவிடும் என்பார்கள். ‘நாளைக்கு ஆபரேஷனை நினைத்தால் உங்களுக்கு எது ரொம்பப் பயமாக இருக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருவது சரி. முதலில் எனக்கு இது செயற்கையாகத் தோன்றியது. பிறகு வேலையில் செய்து பார்த்தபோது புரிந்தது, நாம் ஆறுதல் சொன்ன உடனே ஆச்சி வாயை மூடிக்கொள்கிறார், நாம் கேட்டால்தான் பேசுகிறார். மகன் வந்து ‘அம்மாவுக்கு என்ன வியாதின்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்’ என்பது நம் ஊரில் தினசரி நடப்பது. அங்கே தகவல் நோயாளியின் சொத்து, மகனுக்குச் சொல்லவே நோயாளியின் அனுமதி வேண்டும். சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்தும் அவருடையதே.

மூன்றாவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. நம்மிடம் ஆயாம்மாவும் அட்டெண்டரும் உண்டு, யார் எதைச் செய்யலாம் என்ற கோடு தெளிவாக இல்லை. அங்கே கோடு கறார். உதவியாளர் அளக்கலாம், மதிப்பிடக் கூடாது. நிலையாக இருக்கும் நோயாளியின் பிரஷர் எடுக்கலாம், நடக்க வைக்கலாம், சாப்பிட வைக்கலாம். முதல் பரிசோதனை, சொல்லிக்கொடுத்தல், பலன் பார்த்தல் இவை பதிவு பெற்ற நர்சின் வேலை. விழுங்கச் சிரமப்படும் பக்கவாத நோயாளிக்குச் சோறு ஊட்டச் சொல்லி உதவியாளரை அனுப்பும் விடை இருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

மருந்துப் பெயர் சின்ன விஷயம், ஒரு வாரத்தில் பழகிவிடும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், பெத்திடின் மெபெரிடின். எடை பவுண்டில் வரும், 2.2ஆல் வகுத்தால் கிலோ. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு நம் பக்கத்தில் ஒரு பலமும் இருக்கிறது. காசநோய், அம்மை, பாம்புக்கடி, முற்றிப்போன சர்க்கரைப் புண் எல்லாவற்றையும் நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். காற்றில் பரவும் நோய்க்கு என்95 மாஸ்க், தனியறை என்று படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். அது படித்து வருவதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி. என்கிளெக்ஸ் இலக்கணம் கேட்காது, ஆனால் ஐந்து மணி நேரம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். என் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: விடை விளக்கத்தை ஆங்கிலத்தில் படி, புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் உரக்கச் சொல். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். சிலர் ஆங்கில வரியை அப்படியே ஒப்பிப்பார்கள், கேட்க நன்றாக இருக்கும், தேர்வில் கேள்வியைச் சற்று திருப்பிப் போட்டால் தடுமாறிவிடுவார்கள். இது என் அனுபவம்தான், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரு நோட்டு. நம் ஊரில் பேரேடு எழுதுவது போல எழுதுங்கள். இடது பக்கம் தப்பான கேள்வியைச் சுருக்கமாக, வலது பக்கம் ஏன் தப்பாகப் போட்டேன் என்று ஒரு வரி. ‘தெரியாது’, ‘தெரியும் ஆனால் அவசரப்பட்டேன்’, ‘வார்டு பழக்கத்தில் போட்டேன்’ என்று காரணத்தையும் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஐந்தொகை பாருங்கள். போன வருடம் ஒரு பிள்ளை இதயப் பாடத்தில் பலவீனம் என்று அழுதுகொண்டிருந்தாள். நோட்டைக் கூட்டிப் பார்த்தால் முப்பத்தியொரு தப்பில் பத்தொன்பது கேள்வியைக் கடைசி வரை படிக்காததால் வந்தது. அதற்கு இதயப் பாடத்தை எத்தனை முறை படித்தும் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை மாதம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. டியூட்டியோடு படிக்கும் என் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து பத்து மாதம் ஆகியிருக்கிறது. நைட் டியூட்டி முடித்த அன்று படிக்காதீர்கள், தூங்குங்கள்.

கோச்சிங்குக்கு வருவோம். ‘பாஸ் கேரண்டி’ யாராலும் தர முடியாது, அது உறுதி. ‘ரீகால்’ என்று தேர்வில் வந்த கேள்விகளைத் தொகுத்துத் தருகிறோம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வைத் தொடங்குகிறோம். மீறினால் ரிசல்ட்டையே ரத்து செய்யலாம். அது போக, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்வி வரும் தேர்வில் பழைய கேள்வியை மனப்பாடம் செய்து என்ன ஆகப் போகிறது? முதல் முறை நான் செய்ததும் அதுதான். ஒரு கோச்சிங்கில் கொடுத்த பழைய கேள்விக் கட்டை ராத்திரி பகலாக உருப்போட்டேன். உள்ளே போனால் ஒன்றுகூட வரவில்லை, கை நடுங்கிவிட்டது. நல்ல கோச்சிங்கும் உண்டு, தனியாகப் படிக்க முடியாதவர்களுக்கு அது ஒரு கட்டுப்பாடு தரும். ஆனால் ஒரு நல்ல கேள்வி வங்கிக்குச் சில மாதச் சந்தா, ஒரு பாடப் புத்தகம், கூடப் படிக்க ஒரு ஆள், இது போதும் என்பது என் கருத்து. ஒன்றேகால் லட்சம் தேவையில்லை.

பணம் வேறு இடத்தில் போகும். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150 டாலர். அதற்கு முன் எந்த அமெரிக்க மாநிலத்தின் நர்சிங் போர்டில் விண்ணப்பிக்கிறோமோ அவர்கள் கட்டணம், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ட்ரூமெரிட் (முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ்.) நிறுவனத்தின் கட்டணம் தனி. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கல்லூரியிலிருந்து மதிப்பெண்ணும் வகுப்பு, வார்டு மணிக்கணக்கும் நேரே போக வேண்டும். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலிலிருந்து பதிவு உறுதிச் சான்று போக வேண்டும், உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்தக் காகித வேலைக்குப் படிப்பை விட அதிகப் பொறுமை வேண்டும், படிக்க ஆரம்பிக்கும் நாளிலேயே இதையும் ஆரம்பித்துவிடுங்கள்.

அதில் ஒரு இடத்தில் ரொம்ப எச்சரிக்கை: பெயர். நம்மில் பலருக்கு இனிஷியல் மட்டும்தான், சிலருக்கு ஊர் எழுத்தும் சேர்ந்து இரண்டு இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும், கவுன்சில் கார்டில் வேறு மாதிரி இருக்கும். தேர்வு அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் போய்விடும். விண்ணப்பத்தில் முதல் நாளே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள்.

கசப்பான பகுதி இதுதான். தேர்வில் தேறுவதும் அமெரிக்கா போவதும் ஒன்று கிடையாது. நர்ஸ்கள் பெரும்பாலும் இ.பி.-3 என்ற குடியேற்றப் பிரிவில் போகிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. எந்த ஏஜெண்டும் அதைச் சுருக்க முடியாது. விசாவுக்கு ஆங்கிலத் தேர்வும் தனியாக வேண்டும். குடியேற்றச் சட்டம் என் துறை கிடையாது. நான் போனதும் கணவரின் விசா வழியில், அதனால் என்னை உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க அரசு மாதா மாதம் வெளியிடும் விசா அறிவிப்பில் இந்தியா என்ற கட்டத்தைப் பார்த்தால் எந்தத் தேதிக்காரர்கள் வரை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் எழுதுவது வீணா என்றால், இல்லை. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2015 முதல் இதே தேர்வுதான். ஆஸ்திரேலியா 2020 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு நர்ஸ்களுக்கு என்கிளெக்ஸையும், அதன் பிறகு அங்கே ஒரு செய்முறைத் தேர்வையும் வைத்திருக்கிறது. உங்களிடம் பி.எஸ்சி. இருப்பது அதற்கு நல்லது. இங்கிலாந்துக்கு வழி வேறு: முதலில் கணக்கில் 15 கேள்வியும் நர்சிங்கில் 100 கேள்வியும் உள்ள ஒரு கம்ப்யூட்டர் தேர்வு, அதை இந்தியாவிலேயே எழுதலாம், பிறகு அங்கே போய் பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு. வளைகுடாத் தேர்வுகளை நான் எழுதியதில்லை, அந்த வழியாகப் போனவர்களிடம் கேளுங்கள். அங்கே போவதாக இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள், தெருமுனை ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். எந்த நாடு என்று முடிவு செய்த பிறகுதான் எந்தத் தேர்வு என்று முடிவு செய்ய வேண்டும். நீங்கள் தேர்விலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆக, அம்மாவின் சங்கிலியை வைக்க வேண்டாம். இந்த மாதம் ஒரு நாள் லீவு போட்டு, ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து மூன்றின் நர்சிங் கவுன்சில் தளங்களையும் நீங்களே படியுங்கள். என்கிளெக்ஸ்தான் என்று முடிவானால் நாளை காலை ஹேண்ட் ஓவரிலிருந்தே படிப்பு தொடங்கலாம். கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன், நாலு படுக்கையில் யாரை முதலில் பார்ப்பேன், ஏன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் போங்கள். செலவில்லாத பயிற்சி, சம்பளத்தோடு கிடைக்கிறது.

தேர்வு நாள் கிடைத்த பிறகு ஒரு விஷயம். சென்னை மையம் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ஏறினால் மதியம் எழும்பூர். அன்றே மையம் இருக்கும் கட்டடத்தை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போட்டோ எடுப்பார்கள், உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்வார்கள், கையில் எதையும் கொண்டுபோக விட மாட்டார்கள். முதல் முறை எனக்கு அதுவே படபடப்பாகிவிட்டது. இடையில் எழுந்து போய் முகம் கழுவலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. தேறாவிட்டால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தப் பிரிவில் பலவீனம் என்று அவர்களே ஒரு அறிக்கை அனுப்புவார்கள். என்னுடைய அந்த அறிக்கை இன்னும் பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.